ஒரே சட்டைக்கு ஐந்து வெள்ளை

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் நேர்காணலை அண்மையில் படத்தொகுப்பு செய்தேன். வெள்ளைச் சட்டை அணிந்து, சன்னலோரம் போட்ட நாற்காலியில் அமர்ந்து, அவர் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். எதிரில் ஒரு மிரர்லெஸ் கேமராவும் பக்கவாட்டில் ஒரு கைபேசியும் ஓடிக்கொண்டிருந்தன. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே வெளியே மேகம் வந்து வந்து போயிற்று. இடையில் யாரோ டியூப்லைட்டைப் போட்டார்கள். கடைசி அரை மணி நேரத்தில் பொழுது சாய்ந்தது. படப்பிடிப்பின்போது இவற்றில் எதுவும் எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. பேச்சின் வரிசைப்படி துண்டுகளை வெட்டி டைம்லைனில் அடுத்தடுத்து வைத்த பிறகுதான், அதே சட்டை ஓரிடத்தில் நீலம் பூத்தும், ஓரிடத்தில் மஞ்சள் படிந்தும், ஓரிடத்தில் பச்சை ஏறியும், ஓரிடத்தில் சாம்பல் பாரித்தும், ஓரிடத்தில் மடிப்பே தெரியாதபடி வெளுத்தும் இருப்பதைக் கண்டேன். ஒரே வாக்கியத்தின் முற்பாதியை ஒரு வெள்ளையிலும் பிற்பாதியை இன்னொரு வெள்ளையிலும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைச் சரிசெய்ய முதல் நாள் மாலை நான் செய்தது முழுக்கத் தவறு. முதல் ஷாட்டை எடுத்து, கண்ணுக்கு நன்றாகத் தெரியும்வரை திருகினேன்; அடுத்த ஷாட்டை அதற்கு ஒப்பாகக் கொண்டுவந்தேன்; மூன்றாவதை இரண்டாவதற்கு, நான்காவதை மூன்றாவதற்கு என்று நகர்ந்து முப்பதாவது ஷாட்டை எட்டினேன். அடுத்தடுத்த இரண்டை மட்டும் பார்த்தால் எல்லாம் பொருந்தின. முதலாவதையும் முப்பதாவதையும் பக்கத்தில் வைத்தபோது, அவை இரண்டு வேறு மனிதர்களின் முகங்கள் போல இருந்தன. தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும்: முதல் சட்டத்தை அளவாக வைத்து இரண்டாவதை அறுத்து, அந்த இரண்டாவதை அளவாக வைத்து மூன்றாவதை அறுத்தால், ஒவ்வோர் அறுப்பிலும் சேரும் நூலளவுப் பிழை கடைசிச் சட்டத்தில் விரலளவாகிவிடும். ஆகவே முதல் வேலை, எந்த ஷாட்டை அளவுச் சட்டமாக வைப்பது என்று முடிவு செய்வது. நீளமானதும், ஒளி சரியாக விழுந்ததும், முகம் தெளிவாக இருப்பதுமான ஒரு ஷாட்டைத் தேர்ந்து, அதை முழுமையாகச் சரிசெய்து, ஒரு ஸ்டில் எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அந்த ஒன்றோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அது படத்தின் முதல் ஷாட்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை. என் படத்தில் அது பத்தொன்பதாவது ஷாட்டாக அமைந்தது.

கண்ணை நம்பி வேலை செய்ததும் அன்றைய தவற்றில் பாதி. நம் கண் ஓர் அளவுக் கருவி அன்று. மஞ்சள் விளக்கு எரியும் அறைக்குள் நுழைந்த சில நிமிடங்களில் அங்குள்ள வெள்ளைத் தாள் வெள்ளையாகவே தெரியத் தொடங்கிவிடுகிறது. அதே தகவமைப்பு மானிட்டரின் முன்னாலும் நடக்கிறது. மஞ்சள் ஏறிய ஒரு ஷாட்டைப் பத்து நிமிடம் விடாமல் பார்த்தால் அது இயல்பாகிவிடும். அதற்குப் பிறகு வரும் சரியான ஷாட் நீலமாகத் தெரியும். இதோடு பக்கத்து நிறத்தின் செல்வாக்கும் சேர்ந்துகொள்கிறது. பிரான்சின் கோபெலான் நெசவாலையில் சாயத் துறையை மேற்பார்த்த வேதியியலர் செவ்ருல், கறுப்புச் சாயம் வலுவில்லாமல் இருக்கிறது என்ற புகாரை ஆராயப் போய், குறை சாயத்தில் இல்லை, கறுப்புக்குப் பக்கத்தில் நெய்யப்பட்ட நீலத்தில் இருக்கிறது என்று கண்டறிந்தார். பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் அந்த விதியை 1839இல் விரிவாக வெளியிட்டார். நீலத் திரைச்சீலை தெரியும் கோணத்தில் ஆசிரியரின் முகம் சற்று ஆரஞ்சாகத் தெரிந்து, வெறும் சுவர் தெரியும் கோணத்தில் அப்படித் தெரியாதபோது, திருத்த வேண்டியது முகத்தையா என்று ஒருமுறை யோசிப்பதற்கு இந்தப் பழைய கண்டுபிடிப்பே போதும். பல நேரங்களில் அங்கே திருத்த ஒன்றுமே இருப்பதில்லை.

மானிட்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் தானாக மஞ்சளாகும் வசதியையும், அறை வெளிச்சத்துக்கேற்ப திரையின் பிரகாசத்தை மாற்றும் வசதியையும் அணைத்துவிட வேண்டும்; திரையின் வெண்புள்ளி, அதாவது அது வெள்ளை என்று காட்டும் நிறம், பகல் ஒளிக்கான தரநிலையான டி65, அதாவது ஏறத்தாழ 6500 கெல்வின் நிற வெப்பநிலையில் இருக்க வேண்டும்; பிரகாசம் 100 நிட் அளவில், அறை மங்கலாக இருந்தால் நல்லது. அன்று மாலை என் கணினியில் அந்த இரவு வசதி ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறுநாள் காலையில்தான் கவனித்தேன். அதற்கு மேல் அந்த மாலையைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

இரண்டாம் நாள், மென்பொருளில் ஒளியையும் நிறத்தையும் மாற்றும் எந்தச் சக்கரத்தையும் தொடாமல், ஒவ்வொரு ஷாட்டும் ஏன் மாறியது என்று மட்டும் எழுதினேன். பார்ப்பதற்கு எல்லாமே 'நிறம் பொருந்தவில்லை' என்ற ஒரே கோளாறாகத் தெரிந்தாலும், காரணங்கள் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. கைபேசியின் ஷாட்கள் எல்லாம் சாயம் போனது போல வெளிறி இருந்தன. அவற்றில் நான் முதல் நாள் ஒளி-நிழல் வேறுபாடான கான்ட்ராஸ்டையும் நிறச் செறிவான சாச்சுரேஷனையும் ஏற்றி ஏற்றிச் சலித்திருந்தேன். கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தபோது அது விரிந்த ஒளி வீச்சைப் பிடிக்கும் எச்டிஆர் பதிவு, அதற்குரிய எச்எல்ஜி என்ற வளைவில் பதிவானது என்று தெரிந்தது. என் டைம்லைனோ வழக்கமான வீடியோவுக்குரிய ரெக்.709 தரநிலையில் இருந்தது. மென்பொருள் அந்தக் கோப்பைத் தவறான மொழியில் வாசித்துக்கொண்டிருந்தது. உள்ளீட்டு நிறவெளியைச் சரியாகக் குறித்துக் கொடுத்தவுடன், ஒரு சக்கரத்தையும் தொடாமலேயே முக்கால்வாசி வேறுபாடு மறைந்துவிட்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கோளாறு உண்டு. 8 பிட் வீடியோவில் கறுப்பு முதல் வெள்ளை வரை 16இலிருந்து 235 வரை எழுதுவது ஒரு வழக்கம், 0விலிருந்து 255 வரை எழுதுவது மற்றொரு வழக்கம். ஒன்றை மற்றொன்றாக மென்பொருள் எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாக மேலெழும், அல்லது நிழலும் வெளிச்சமும் நசுங்கும். இத்தகைய வாசிப்புப் பிழைகளைச் சக்கரங்களால் சரிசெய்ய முயல்வது, தவறாக அச்சிட்ட சொல்லைக் குரலை மாற்றி மாற்றிப் படித்துச் சரியாக்கப் பார்ப்பது போன்றது.

மீதமிருந்தவை உண்மையான மாற்றங்கள்: மேகத்தால் ஒளி குறைந்தவை, டியூப்லைட் வந்ததால் நிறம் மாறியவை, வெள்ளையை வெள்ளையாகக் காட்ட முயலும் ஆட்டோ வைட் பேலன்ஸ் தானாக நகர்ந்தவை, ஒளியளவைத் தீர்மானிக்கும் ஆட்டோ எக்ஸ்போஷர் ஷாட்டின் நடுவிலேயே ஏறி இறங்கியவை. இவற்றில் எதை முதலில் தொடுவது என்பதில் எனக்கு இப்போது ஐயமே இல்லை. ஒளியளவு சமமாகும்வரை நிறத்தைத் தொடக் கூடாது. ஒரே முகத்தின் இரண்டு ஷாட்களில் ஒன்று, ஸ்டாப் என்ற ஒளி அலகில், அரை ஸ்டாப் இருண்டிருந்தால், இருண்டது செறிவாகவும் சிவந்தும், வெளிச்சமானது வெளிறியும் தெரியும். அதை நிற வேறுபாடு என்று எண்ணி நிறச் சக்கரத்தைத் திருப்பினால், பிறகு ஒளியைச் சரிசெய்யும்போது திருப்பிய நிறம் அப்படியே வெளியே நிற்கும். என் முப்பது ஷாட்களில் பதினொன்றுக்கு, ஒளியளவைச் சமப்படுத்திய பிறகு நிறத் திருத்தமே தேவைப்படவில்லை.

ஒளியைச் சமப்படுத்த உதவுவது வேவ்ஃபார்ம். அது படத்தை இடமிருந்து வலமாக அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியின் பிரகாசத்தையும் உயரமாகக் காட்டுகிறது: அடியில் 0 கறுப்பு, உச்சியில் 100 வெள்ளை. அளவுச் சட்டமாக வைத்த ஷாட்டில் ஆசிரியரின் நெற்றி 52க்கு அருகிலும், கழுத்துப் பட்டையின் மேல் விளிம்பு 80க்கு அருகிலும், நாற்காலிக் காலின் நிழல் 4க்கு அருகிலும் இருந்தன. மேகம் மூடிய ஷாட்டில் அதே நெற்றி 41இலும் பட்டை 63இலும் இருந்தன. நிழல் மட்டும் ஏறத்தாழ அங்கேயே இருந்தது. மூன்று இடங்களையும் பார்க்காமல் நெற்றியை மட்டும் பார்த்திருந்தால், நான் மொத்தப் படத்தையும் மேலே தூக்கியிருப்பேன். நிழலும் சேர்ந்து எழுந்து, படத்தின் மீது புகை படிந்தது போல ஆகியிருக்கும். நிழல் நகராமல் மேலே உள்ளவை விகிதத்தில் இறங்கியிருப்பதால், அங்கே தேவைப்பட்டது பெருக்கல், அதாவது கெயின்.

எந்தச் சக்கரத்தைத் தொடுவது என்பதற்குப் பின்னால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு வேலை பாதியாகக் குறைந்தது. கேமராவின் துளையை ஒரு ஸ்டாப் திறந்தால் உள்ளே வரும் ஒளி இரட்டிக்கிறது. அதாவது காட்சியின் எல்லாப் புள்ளிகளும் இரண்டால் பெருக்கப்படுகின்றன. ரெக்.709 போன்ற வழக்கமான பதிவில், கறுப்புக்கு அருகிலுள்ள பகுதியை விட்டுவிட்டால், இந்தப் பெருக்கலுக்கு மிக நெருங்கி வருவது கெயின். ஒளியை மடக்கை (logarithm) வளைவில் சுருக்கி எழுதும் லாக் பதிவில் நிலைமை வேறு. லாக் வளைவு ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஏறத்தாழ ஒரே அளவு இடத்தை ஒதுக்குவதால், ஒளி இரட்டிப்பது அங்கே ஒரு மாறாத எண்ணைக் கூட்டுவதாக மாறிவிடுகிறது. ஆகவே லாக்கில் ஒளியளவைத் திருத்த வேண்டிய கருவி, எல்லாப் புள்ளிகளோடும் ஒரே எண்ணைக் கூட்டும் ஆஃப்செட். அதுவும் லாக்கிலிருந்து ரெக்.709க்கு மாற்றும் லட் (LUT) என்ற நிற மாற்ற அட்டவணைக்கு முன்னால் வைக்கப்பட வேண்டும். சோனியின் லாக் வளைவான எஸ்-லாக்3இல் 18 விழுக்காட்டு நடுச்சாம்பல் 41இல் உட்காரும், 90 விழுக்காட்டு வெள்ளை 61இல் உட்காரும். பார்ப்பதற்கு வெளிறிய அந்தப் படத்தில் ஆஃப்செட்டைச் சற்றே ஏற்றி இறக்குவது, படப்பிடிப்பு நாளுக்கே திரும்பிப் போய்த் துளையைத் திருத்துவதற்குச் சமம். லட்டுக்குப் பின்னால் அதே வேலையைச் செய்தால், லட் ஏற்கெனவே நசுக்கிவிட்ட வெளிச்சப் பகுதியைத்தான் இழுத்துக்கொண்டிருப்போம். மேகம் மூடிய ஷாட்களில் பலவற்றை இரண்டு நிமிடத்தில் முடிக்க முடிந்ததற்கு, நோட்கள் (node) எனப்படும் திருத்தப் படிகளின் இந்த வரிசையைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஒளி சமமான பிறகு படத்தைச் சிறிது நேரம் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது என் வழக்கம். டைம்லைனின் மேல் ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயரை வைத்து அதில் சாச்சுரேஷனை 0 ஆக்கிவிட்டு முழுப் படத்தையும் ஓட்டினால், நிறத்தின் மயக்கம் இல்லாமல் ஒளியின் தாவல்கள் மட்டும் தெரியும். அதில் எந்த வெட்டும் உறுத்தாமல் போனால்தான் நிறத்துக்குப் போகிறேன்.

நிறத்தில் முதல் கேள்வி, எதை நடுநிலை என்று எடுத்துக்கொள்வது என்பது. வெள்ளைச் சட்டை இருக்கும்போது என்ன கவலை என்றுதான் நானும் நினைத்தேன். ஆர்ஜிபி பரேடில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிப் பத்திகளாகத் தெரியும்; நடுநிலையான ஒரு பொருள் மூன்றிலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். சன்னலோர ஷாட்டில் சட்டையின் நீலம் சற்று மேலே நின்றது. சட்டையின் மூன்று பத்திகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். ஆசிரியரின் முகம் காமாலை கண்டது போல மஞ்சளாயிற்று. காரணம் துணியில் இருந்தது. சலவைத் தூள்கள் பலவற்றில் ஒளிர்வூட்டும் பொருள் ஒன்று கலக்கப்படுகிறது. அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளிவிடுகிறது. சன்னல் வழியாக வரும் பகல் ஒளியில் அந்தக் கதிர் ஓரளவு இருப்பதால், துவைத்த வெள்ளைச் சட்டை அங்கே உண்மையிலேயே நீலமாக ஒளிர்கிறது. அந்தக் கதிர் அரிதாகவே வெளிவரும் எல்இடி விளக்கின் கீழ் அதே சட்டை அப்படி ஒளிர்வதில்லை. அச்சுத் தாள்கள் பலவற்றிலும் இதே பொருள் உண்டு. ஆகவே கைக்குக் கிடைத்த வெள்ளையை நடுநிலை என்று நம்பி, தொட்ட இடத்தை நடுநிலையாக்கும் ஐட்ராப்பர் கருவியை அதில் வைப்பது பல நேரங்களில் நம்மைக் குழிக்குள் தள்ளும். அறையில் இருந்த வண்ணமடிக்காத உலோக அலமாரியின் கைப்பிடியும், ஆசிரியரின் நரைத்த முடியில் நிழல் விழுந்த பகுதியும் சட்டையைவிட நம்பகமான சான்றுகளாக இருந்தன. ஒரு சாம்பல் அட்டையை ஐந்து வினாடி பிடித்துக் காட்டியிருந்தால் இந்தத் துப்பறியும் வேலையே தேவைப்பட்டிருக்காது.

கெல்வின் எண்ணைக் கொண்டு வைட் பேலன்ஸை நகர்த்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெல்வினில் சம இடைவெளி, கண்ணுக்குச் சம இடைவெளி அன்று. 3200இலிருந்து 4200க்குப் போவதும் 5600இலிருந்து 6600க்குப் போவதும் எண்ணில் ஒரே ஆயிரம்தான். ஆனால் பத்து இலட்சத்தைக் கெல்வினால் வகுத்துக் கிடைக்கும் மைரெட் அளவில் முதலாவது 74, இரண்டாவது 27. நிறத்தின் நகர்வை நெருங்கிச் சொல்வது இந்த இரண்டாவது கணக்கே. மஞ்சள் விளக்கொளியில் எடுத்த ஷாட்டில் 300 கெல்வின் பிழை பளிச்சென்று தெரிவதும், பகல் ஒளி ஷாட்டில் அதே 300 கண்ணுக்கே படாமல் போவதும் இதனால்தான்.

மஞ்சள்-நீலம் என்ற அச்சு மட்டும் போதாது. டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்த ஷாட்களில் பச்சை ஏறியிருந்தது. சூரியனும் இழை விளக்கும் தரும் தொடர்ச்சியான நிறமாலை அந்த விளக்குகளில் இல்லை, பச்சைப் பகுதியில் ஒரு கூர்முனை நிற்கிறது. இதற்குக் கெல்வினைத் திருகிப் பயனில்லை. டின்ட் என்ற பச்சை-மெஜந்தா அச்சில் மெஜந்தா பக்கம் சற்று நகர வேண்டும். சற்று என்பதை அழுத்திச் சொல்கிறேன். பச்சையைவிட மெஜந்தா மனித முகத்தில் விரைவில் அருவருப்பாகும். முழுப் பச்சையையும் எடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் காய்ச்சல்காரரின் முகம்தான் மிஞ்சும்.

முகத்துக்கு வெக்டர்ஸ்கோப் நல்ல துணை. அதில் நடுப்புள்ளி நிறமின்மை. வெளியே போகப் போகச் செறிவு. சுற்றிலும் கோணம் நிறத்தைக் காட்டுகிறது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில் ஒரு கோடு வரையப்பட்டிருக்கும். பழைய தொலைக்காட்சி முறையின் ஓர் அச்சுக்கு அருகில், ஏறத்தாழ 123 பாகையில் அது இருக்கிறது. மிகக் கறுத்த முகமும் மிக வெளுத்த முகமும் அந்தக் கோட்டை ஒட்டியே விழுகின்றன. தோலின் நிறத்தைத் தீர்மானிப்பவை மெலனினும் உள்ளே ஓடும் இரத்தமும்தான், மாறுவது பெரும்பாலும் அடர்த்தியே என்பதால் இப்படி. முகத்தைச் சுற்றி ஒரு மாஸ்க் போட்டு, மற்றவற்றை மறைத்துவிட்டு, ஒவ்வொரு ஷாட்டிலும் முகத்தின் புள்ளிகள் வெக்டர்ஸ்கோப்பில் புகை போல விழும் தடம் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தேன். கோட்டின் மீதே அதை உட்கார வைக்க வேண்டும் என்பதில்லை. ஆசிரியரின் முகம் இயல்பாகவே கோட்டுக்குச் சற்று மஞ்சள் பக்கம் இருந்தது. அளவுச் சட்ட ஷாட்டில் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் மற்ற ஷாட்களிலும் இருந்தால் போதும்.

மிகவும் படுத்தியவை, சன்னலும் டியூப்லைட்டும் சேர்ந்து விழுந்த ஷாட்கள். முகத்தின் இடப்பாதியில் நீலம், வலப்பாதியில் பச்சை கலந்த மஞ்சள். மொத்தப் படத்துக்கும் ஒரே திருத்தத்தைப் போட்டால் ஒரு பாதி சரியாகும்போது மறு பாதி கெடுகிறது. மூக்கை எல்லையாக வைத்து மாஸ்க் போட்டு, அது முகத்தோடு நகரும்படி டிராக்கிங் செய்து பார்த்தேன். அவர் பேசும்போது தலையை ஆட்டுகிறவர், எல்லைக்கோடு கன்னத்தில் ஊர்ந்தது. கடைசியில் பயன்பட்டது நிற வளைவுதான்: நீல ஒளி விழுந்த பாதி இயல்பாகத் தெரியும்படி மொத்த வைட் பேலன்ஸை வைத்துவிட்டு, நிறவாரியாகச் செறிவை மாற்றும் ஹியூ வெர்சஸ் சாச்சுரேஷன் வளைவில் மஞ்சள்-பச்சைப் பகுதியின் செறிவை மட்டும் பாதியாகக் குறைத்தேன். வலப்பக்கம் வேறு விளக்கு எரிகிறது என்பது இப்போதும் தெரிகிறது. அறையில் ஒரு விளக்கு எரிவதைப் பார்வையாளர்கள் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. விளக்கு எரியும் உணர்வு வெட்டுக்கு வெட்டு மாறினால்தான் உறுத்தும்.

ஷாட்டின் நடுவிலேயே ஒளி மாறுவது தனி வகை. கைபேசியில் ஆட்டோ எக்ஸ்போஷரைப் பூட்டாமல் விட்டிருந்தேன். ஆசிரியர் பேச்சின் வேகத்தில் வெள்ளைச் சட்டைக் கையைக் கேமராவுக்கு அருகே நீட்டும்போதெல்லாம், படம் ஒரு வினாடி இருண்டு, கை இறங்கியதும் மீண்டும் வெளுத்தது. மூச்சு வாங்குவது போல. குறிப்பிட்ட ஃபிரேமில் திருத்தத்தின் அளவைப் பதித்து வைக்கும் கீஃப்ரேம் போட்டு இதை எதிர்த்திசையில் திருத்தலாம், ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு கீஃப்ரேம் வைத்தால் சரியாகாது. கேமரா நேர்கோட்டில் இருளுவதில்லை, தொடங்கும்போது வேகமாகவும் முடியும்போது மெதுவாகவும் இறங்குகிறது. சுவரின் ஒரு புள்ளியை வேவ்ஃபார்மில் பார்த்துக்கொண்டே, நான்கைந்து ஃபிரேமுக்கு ஒரு கீஃப்ரேம் வைத்து அந்த உயரத்தை அசையாமல் பிடித்தேன். சுவர் நல்ல சாட்சி. முகம் திரும்பும், கை அசையும், சுவர் எங்கும் போகாது. மேகம் மெதுவாக மூடிய நீண்ட ஷாட்டுக்கு இவ்வளவு உழைப்பு தேவைப்படவில்லை. அதே கிளிப்பை இரண்டாக வெட்டி, முதல் பாதியை மேகத்துக்கு முந்தைய ஒளிக்கும் இரண்டாவதை மேகத்துக்குப் பிந்தைய ஒளிக்கும் சரிசெய்து, மேகம் மூட எடுத்துக்கொண்ட நேரத்துக்குச் சமமான ஒரு டிசால்வை, அதாவது ஒரு படம் மங்க மற்றது எழும் மாற்றத்தை, வெட்டின் மீது வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே ஃபிரேம்கள்தான் என்பதால் டிசால்வ் கண்ணுக்குத் தெரியாது. திருத்தம் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும்.

டியூப்லைட் ஷாட்கள் சிலவற்றில் பட்டை பட்டையாக ஓடிய துடிப்பை இந்த வகையில் சேர்க்கக் கூடாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இத்தகைய விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன; ஷட்டர் 1/50 அல்லது 1/100 வினாடியாக இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் முழுத் துடிப்புகளையே பிடிக்கும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் அது 1/60 அல்லது 1/120 ஆகும். தவறான ஷட்டரில் எடுத்துவிட்டால் துடிப்பைத் தணிக்கும் டீஃபிளிக்கர் கருவி ஓரளவு காப்பாற்றும். கீஃப்ரேமால் அதைத் துரத்த நினைப்பவர் முடிவில்லாமல் துரத்திக்கொண்டே இருப்பார்.

காப்பாற்ற முடியாதவையும் உண்டு. ஐந்தாவது வெள்ளை, அதாவது மடிப்பே தெரியாமல் வெளுத்த சட்டை, அப்படிப்பட்டது. வேவ்ஃபார்மின் உச்சியில் அது கத்தரித்தது போன்ற நேர்கோடாக நின்றது. அங்கே தகவலே பதிவாகவில்லை. கெயினைக் குறைத்தால் வெள்ளைப் பரப்பு சாம்பல் பரப்பாகிறது, மடிப்பு திரும்பி வருவதில்லை. இருட்டைத் தூக்குவதற்கும் எல்லை உண்டு. என் கைபேசிக் கோப்பு 10 பிட், ஒரு நிறத்துக்கு 1024 படிகள். மிரர்லெஸ்ஸில் நான் அவசரத்தில் தேர்ந்திருந்தது 8 பிட், வெறும் 256 படிகள், அதோடு நிறத் தகவலை நான்கில் ஒரு பங்குப் புள்ளிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் 4:2:0. பெரிய கேமரா என்ற எண்ணத்தில் அதன் ஷாட்களை அதிகமாக இழுத்தேன். பின்சுவரின் மெல்லிய நிழல் படிக்கட்டுகளாக உடைந்தது. அன்றிலிருந்து ஒரு ஷாட் இழுக்க இழுக்கக் கெடுகிறது என்றால் அதை விட்டுவிட்டு, நல்ல ஷாட்களை அதன் பக்கம் சற்றுத் தள்ளிவிடுகிறேன். எல்லாரையும் அழைத்துக்கொண்டு நடக்கும்போது மெதுவாக நடப்பவரின் வேகத்துக்கு மற்றவர்கள் இறங்கி வருவது போலத்தான்.

டாவின்சி ரிசால்வ், பிரீமியர் ப்ரோ போன்ற படத்தொகுப்பு மென்பொருள்களில் ஒரு ஷாட்டை இன்னொன்றோடு தானாகப் பொருத்தும் வசதி இருக்கிறது. அதை நான் வெறுக்கவில்லை. ஒரே கோணத்தில், ஒரே பின்னணியோடு, ஒளி மட்டும் மாறிய இரண்டு ஷாட்களுக்கு அது நல்ல தொடக்கத்தைத் தருகிறது. ஆனால் ஒரு ஷாட்டில் நீலத் திரைச்சீலை பாதித் திரையை அடைத்திருந்து மற்றதில் இல்லாவிட்டால், அந்த நீலத்தையும் ஈடுகட்டப் போய் முகத்தைக் கெடுத்துவிடும். அதற்குத் திரைச்சீலை என்பதும் முகம் என்பதும் ஒன்றுதான்.

அழகுபடுத்தும் வேலையை, அதாவது படத்துக்கு ஒரு தனித் தோற்றம் தரும் கிரேடிங்கை, இவை எல்லாம் முடியும்வரை நான் ஒதுக்கியே வைத்தேன். பொருந்தாத ஷாட்களின் மீது ஒரு கவர்ச்சியான லட்டைப் போட்டால், பொருத்தமின்மை மறையாது. கான்ட்ராஸ்ட் ஏறுவதால் அது இன்னும் பெரிதாகவே தெரியும். எல்லா ஷாட்களும் ஒரே இடத்துக்கு வந்த பிறகு, தோற்றத்தை ஒவ்வொரு கிளிப்பிலும் போடாமல், மொத்த டைம்லைனுக்கும் ஒரே நோட்டில் போட்டேன். நாளை அது பிடிக்காமல் போனால் ஒரே இடத்தில் மாற்றலாம்.

கடைசிச் சோதனையாக, எல்லா ஷாட்களையும் கட்டைவிரல் அளவுப் படங்களாகத் திரையில் பரப்பி இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். அந்த அளவில் முகபாவமோ பேச்சோ கவனத்தை இழுக்காது. எந்தக் கட்டம் தனியாகத் துருத்துகிறது என்பது மட்டும் தெரியும். மூன்று கட்டங்கள் துருத்தின. இரண்டை ஆஃப்செட்டில் ஒரு சிறு நகர்த்தலால் அடக்கினேன். மூன்றாவது அந்த வெளுத்த சட்டை. அவர் மேசை மீது விரல்களைக் கோத்துக்கொண்டிருக்கும் ஒரு நெருக்க ஷாட்டை அதன் மேல் வைத்து, குரலை மட்டும் கீழே ஓடவிட்டேன். பொழுது சாய்ந்த பிறகு எடுத்த இறுதிப் பகுதியை மட்டும் மற்றவற்றின் ஒளிக்கு உயர்த்தவில்லை. இடையில் ஒரு கேள்வி அட்டை வருவதால் அது வேறொரு நேரம் என்பது பார்ப்பவருக்குத் தானாகவே விளங்குகிறது, சன்னலுக்கு வெளியேயும் அப்போது இருட்டத் தொடங்கியிருந்தது.

அடுத்த நேர்காணலுக்கான என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இப்போது இருப்பவை: இரண்டு கேமராக்களிலும் வைட் பேலன்ஸ் 5600இல் பூட்டப்பட வேண்டும், கைபேசியின் எக்ஸ்போஷரும் பூட்டப்பட வேண்டும், எச்டிஆர் அணைக்கப்பட வேண்டும், மிரர்லெஸ் 10 பிட்டுக்கு மாற வேண்டும், ஒளி மாறும் ஒவ்வொரு முறையும் சாம்பல் அட்டையை முகத்துக்கு அருகில் ஐந்து வினாடி பிடிக்க வேண்டும், டியூப்லைட் சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்ட வேண்டும்.